கூரையைத் தட்டிப் பார்

கொல்லிமலைக்கு ஏறும் வண்டியில் ஹாம் ரேடியோ பொருத்த விரும்புகிறவர் முதலில் அந்த வண்டியின் கூரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். தகர ஓசை கேட்டால் பாதி வேலை முடிந்தது. தார்ப்பாய் போட்ட பழைய ஜீப்போ, பைபர் கூரை மாட்டிய வண்டியோ என்றால் ஆன்டெனாவுக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

நிமிர்ந்து நிற்கும் அந்தக் கம்பி ஆன்டெனாவின் ஒரு பாதிதான். ரேடியோ பெட்டியிலிருந்து கேபிளின் நடுக்கம்பி வழியாக மேலே எவ்வளவு மின்னோட்டம் ஏறுகிறதோ, அதே அளவு கேபிளின் வெளிவலை வழியாக இன்னொரு பக்கம் பரவ வேண்டும். பரவுவதற்கு உலோகப் பரப்பு வேண்டும். காரில் அந்தப் பரப்பு கூரைத் தகடு. அமெச்சூர்கள் எனப்படும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கு இந்தியாவில் ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அதில் கால் பங்குக் கம்பி போதும். சிறு திருத்தங்கள் போக 49 சென்டிமீட்டர். கம்பியைச் சுற்றி எல்லாத் திசையிலும் அதே 49 சென்டிமீட்டருக்கு உலோகம் இருந்தால் அலை சுற்றுவட்டாரம் முழுக்கச் சீராகப் பரவும். அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள இரும்புக் கூரை. பொலிரோ மாதிரி வண்டிகளில் அது தாராளமாக இருக்கிறது. கம்பியைக் கூரையின் ஓரத்தில் மாட்டினால் உலோகம் அதிகமுள்ள பக்கம் நோக்கி அலை சாய்ந்துவிடும். நடுக்கூரையை விட நல்ல இடம் வண்டியில் வேறில்லை.

தார்ப்பாய் ஜீப்பில் பானெட்தான் கைகொடுக்கும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பானெட்டை உடம்போடு இணைக்கும் கீல்களில் பெயின்ட்டும் கிரீஸும் படிந்திருக்கும். பார்க்க ஒரே உலோகம். மின்சாரத்துக்கு அது தனித் தீவு. பின்னல் செம்புப் பட்டை ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டி, நட்டுப் போட்டு முடுக்கினால்தான் பானெட் வண்டியின் உடம்போடு சேரும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் 'பாடி எர்த்' என்று சொல்வது இதைத்தான். ஹெட்லைட் மங்கும்போது அவர்கள் முதலில் தேடுவதும் இதையே. பைபர் கூரை என்றால், உள்பக்கம் ஒரு தகரத் தகட்டை ஒட்டி அதன் நடுவே ஆன்டெனாவை மாட்டலாம். காந்த அடித்தளம் உள்ள ஆன்டெனா இரும்பில் மட்டுமே ஒட்டும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே நினைவில் வைப்பது நல்லது.

வண்டியில் வயர்லெஸ் ஏறிய கதை காருக்கு ரேடியோ வந்த காலத்தைவிடப் பழையது. 1901இல் மார்க்கோனி இங்கிலாந்தில் தார்னிகிராஃப்ட் நிறுவனத்தின் நீராவி வண்டி ஒன்றில் தன் கருவிகளை ஏற்றினார். கூரையில் உயரமான உலோக உருளை ஒன்று ஆன்டெனாவாக நின்றது. வண்டி ஓடும்போது அதைப் படுக்க வைத்துவிடுவார்கள். ஊருக்கு ஊர் கம்பமும் கம்பியும் நட முடியாத இடத்தில் தந்தி அனுப்ப வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நூற்றாண்டு கடந்தும் மலைப்பாதையில் போகிறவருக்குத் தேவை அதேதான்.

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாகத் தனியே எழுந்து நிற்கிறது கொல்லிமலை. மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டனி நாடு என்று இங்குள்ள ஊராட்சிகள் நாடுகளாகவே அழைக்கப்படுகின்றன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகும் பலாவும் அன்னாசியும் சோளக்காடு சந்தைக்கு வருவதும், நோயாளி கீழே போவதும் இந்தச் சரிவுகளில்தான். குண்டனி நாட்டுக்கு ஏறும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டால், வண்டிக்குள் ரேடியோ பொருத்துவதில் உள்ள இயற்பியல் முழுவதையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

பொருத்துவதற்கு முன் உரிமம் வேண்டும். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறி, வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்றவரே ஒலிபரப்பலாம். தேர்வில் அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் கேட்கப்படும். மோர்ஸ் தெரியாதவர்கள் எழுதக்கூடிய நிலையும் உண்டு. பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு இது எட்டாத உயரமில்லை.

அடுத்தது கரண்ட். அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இது.

100 வாட் வெளியிடும் குறுஅலை ரேடியோ, பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் பியூஸ் போய்விடும். நேராக பேட்டரியிலிருந்தே வயர் இழுக்க வேண்டும். எந்த வயர்? வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் வயர் போதும் என்று பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு வழியாக ரேடியோ வரை 5 மீட்டர். போகவும் வரவுமாக 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் அந்த நீளத்தின் மின்தடை சுமார் 0.07 ஓம். 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.4 வோல்ட் காணாமல் போகும். 4 ஸ்கொயர் வயரில் இழப்பு 0.86 வோல்ட்.

ஒரு வோல்ட்டில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். இத்தகைய ரேடியோக்கள் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை; பதினைந்து சதவீதம் ஏற்ற இறக்கம் தாங்கும். கீழ் எல்லை 11.7 வோல்ட். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிக் கொடுப்பதால் எந்த வயரும் சமாளித்துவிடும். இன்ஜினை அணைத்த பிறகு நல்ல பேட்டரியே 12.6 வோல்ட்தான் காட்டும். அதில் 0.86 போனால் எல்லைக் கோட்டில் நிற்கிறோம். 1.4 போனால் எல்லைக்குக் கீழே. அப்போது ரேடியோ கேட்கும், ஆனால் மைக்கை அழுத்தியதும் குரல் கரகரத்து உடையும், அல்லது செட் தானாக அணைந்துவிடும். பழுது ரேடியோவில் இருப்பதாக நினைத்து அதைக் கழற்றிக் கடைக்கு அனுப்புவார்கள். குற்றவாளி வயர்.

பியூஸ் எங்கே என்பதும் முக்கியம். ரேடியோ பக்கத்தில் இருக்கிற பியூஸ் ரேடியோவைக் காக்கும், வயரைக் காக்காது. இன்ஜின் அறைக்கும் உட்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுத் துளையில் வயர் உரசி உரசித் தோல் போனால், பேட்டரியின் முழு ஆற்றலும் அந்த ஒரு புள்ளியில் தீயாக இறங்கும். மலைச் சாலையில் குலுங்கும் வண்டியில் அந்த உரசல் நிச்சயம் நடக்கும். அதனால் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பியூஸ், துளையில் ரப்பர் வளையம், வயருக்கு மேல் நெளிகுழாய் உறை. இந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்றதை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அந்த வண்டி ஆபத்தான வண்டி. லாரியிலும் பேருந்திலும் 24 வோல்ட் அமைப்பு என்பதால் அங்கே நேரடி இணைப்பே கூடாது, 24ஐ 13.8 ஆக இறக்கும் கன்வெர்ட்டர் நடுவில் வர வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரு பேட்டரி வற்றி, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி, சில மாதங்களில் இரண்டும் கெடும்.

எல்லாம் மாட்டி இன்ஜினைக் கிளப்பியதும் ஸ்பீக்கரில் ஒரு விசில் கேட்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். இது ஆல்டர்நேட்டரின் குரல். உள்ளே மூன்று கட்ட மாறுமின்சாரம் உற்பத்தியாகி, டையோடுகள் வழியாக நேர்மின்சாரமாக மாறுகிறது. மாறினாலும் முழுக்கச் சமமாவதில்லை. மேலே சிறு அலைகள் மிஞ்சும். 12 துருவ ஆல்டர்நேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகளைத் தரும். இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது, புல்லி விகிதத்தால் ஆல்டர்நேட்டர் 2,500 சுற்று வரை போகும். பெருக்கி வகுத்தால் நொடிக்கு 1,500 அலை. மனிதக் குரலின் நட்டநடுவில் வந்து உட்காரும் ஒலி இது. பேட்டரியே பெரிய வடிகட்டி என்பதால், வயரை நேராக அதன் முனைகளிலிருந்து எடுத்தால் விசில் பெரும்பாலும் அடங்கிவிடும். மிச்சத்தை மின்தேக்கியும் சுருளும் கொண்ட வடிகட்டி பார்த்துக்கொள்ளும்.

பெட்ரோல் வண்டிகளில் இன்னொரு தொல்லை, ஸ்பார்க் பிளக். மார்க்கோனி காலத்து ஒலிபரப்பிகள் மின்பொறியால்தான் அலையை உண்டாக்கின. அதே வேலையை ஒவ்வொரு பிளக்கும் பானெட்டுக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கிறது. அமெரிக்க ரேடியோ தயாரிப்பாளர் பால் கால்வின் 1930இல் தன் காரில் ரேடியோ பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். அதைச் செய்து முடிக்க அவருடைய ஆட்கள் மல்லுக்கட்டியது இந்தப் பொறி இரைச்சலோடுதான். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டரோலா. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. கொல்லிமலையில் ஓடும் பழைய டீசல் ஜீப்புகள் காதுக்கு எவ்வளவு இரைந்தாலும், ரேடியோ அலைக்கு அவை அமைதியான வண்டிகள்.

காதுக்கு இரைவதை ஸ்பீக்கர்தான் சமாளிக்க வேண்டும்.

ரேடியோ பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் சிறியது. பெரும்பாலும் மேல்மூடியிலோ அடியிலோ இருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே பெட்டியை மாட்டினால் ஒலி கால்மிதியை நோக்கிப் போகும். முதல் கியரில் வளைவு திரும்பும்போது ஒரு சொல்லும் விளங்காது. தனி ஸ்பீக்கர் ஒன்றைக் காதுயரத்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலோ கதவுத் தூணிலோ, முகம் காதைப் பார்க்கும்படி மாட்டினால் அதே ரேடியோ புதிதுபோல் கேட்கும். பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். ஹாம் ரேடியோவில் வரும் குரல் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரைதான். நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,500 சுற்றில் வெடிக்கும் ஓசை சுமார் 83 ஹெர்ட்ஸ். குரலுக்குப் பல படி கீழே. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. 'பாதை'யா 'காதை'யா என்று குழம்பாமல் இருக்க அந்தப் பகுதி துலக்கமாக வேண்டும். பாட்டுக்காக வாங்கிய பெரிய பேஸ் ஸ்பீக்கரைவிட மூன்று நான்கு அங்குலக் கூம்பு இதற்கு மேல்.

'காரில் ஏற்கனவே நாலு ஸ்பீக்கர் இருக்கிறதே, அதிலேயே இணைத்துவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. காரணம் சுவையானது. கார் ஸ்டீரியோவுக்குக் கிடைப்பது 14.4 வோல்ட் மட்டுமே. ஸ்பீக்கரின் ஒரு முனையை எர்த்தில் வைத்து மறுமுனையை மட்டும் ஆட்டினால், 4 ஓம் ஸ்பீக்கரில் ஆறரை வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. அதனால் பொறியாளர்கள் இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஆட்டினார்கள். வோல்ட் இரட்டிப்பானது, வாட் நான்கு மடங்காகி 26ஐத் தொட்டது. வீட்டு ஸ்பீக்கர் 8 ஓமாக இருக்க கார் ஸ்பீக்கர் 4 ஓமானதும் இதே பஞ்சத்தால்தான். வோல்ட் குறைவான இடத்தில் தடையைக் குறைத்தால் கூடுதல் மின்னோட்டம் ஓடும். ஆக, ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயர் இரண்டில் ஒன்றுகூட எர்த் இல்லை. பல ஹாம் ரேடியோக்களின் ஸ்பீக்கர் துளையிலோ ஒரு முனை பெட்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். இரண்டையும் முடிச்சுப் போட்டால் ஸ்டீரியோவின் பெருக்கிச் சில்லு புகைந்துவிடும்.

மலைக்கிராமத் திருவிழாக்களில் ஜீப்பின் மேல் கட்டிவரும் மைக் செட் கூம்புகளையும் இந்த இடத்தில் பார்க்க வேண்டும். சாதாரணக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக்கும். அதன் இன்றைய வடிவம் 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாக்கும் தந்தது. மைக் செட் கூம்பிலோ சின்னத் தகடு ஒன்று குறுகிய கழுத்தில் அதிர்கிறது. கழுத்து மெல்ல விரிந்து அகன்ற வாயாகிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிட இரு கைகளையும் வாயருகே குவிப்போமே, அதே வேலை. தகட்டின் அழுத்தம் வெளிக்காற்றுக்கு வீணாகாமல் கைமாறுகிறது. நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பங்கு ஒலியாகிறது. ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்ப முடிவது அதனால்தான். கூம்பு 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. பாட்டுக்கு அது குறை, அறிவிப்புக்குக் குறையே இல்லை. மழைக்காலத்தில் சாலை சரிந்தால், ரேடியோவில் வந்த செய்தியை ஊருக்குச் சொல்ல இந்தக் கூம்பைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

இப்போது வண்டி மலையில் இருக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்டக் கண்பார்வைபோல நேராகப் போகும். அடிவானத்தைத் தாண்டிச் சற்றே வளையும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியில் 2 மீட்டர் உயர வண்டி ஆன்டெனாவுக்கு 6 கிலோமீட்டர்கூட இல்லை. கொல்லிமலையின் விளிம்பு சுற்றியுள்ள சமவெளியைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். கணக்கு 130 கிலோமீட்டர் என்கிறது! சேலம், ஈரோடு, கரூர், திருச்சி எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கும். கோடை பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பு கொடைக்கானலிலிருந்து தென்மாவட்டங்கள் முழுக்கக் கேட்பது இந்த உயரக் கணக்கால்தான்.

ஆனால் மலை தருவதை மலையே பறித்தும்விடும். விளிம்பு தாண்டி உள்ளே குண்டனி நாட்டுப் பள்ளம் ஒன்றில் இறங்கியதும் நாலாபுறமும் மண்ணும் பாறையும். கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்படித்தான்: ஒரு வளைவில் சமவெளி திறந்து கிடக்கும், அடுத்த வளைவில் மலையே முதுகைக் காட்டி நிற்கும். நடுவே இன்னொரு நுணுக்கம். நேராக வரும் அலையும் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழியும் இடத்துக்கும் கூடும் இடத்துக்கும் இடைவெளி அரை மீட்டர் அளவே. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குப் பத்துப் பள்ளங்களைத் தாண்டும்; குரல் படபடவென வெட்டுப்படும். வண்டியை நிறுத்திய இடத்தில் ஓசை சுத்தமாகச் செத்துப்போனால், கியர் போட்டு ஒரு முழம் முன்னே நகர்த்தினால் போதும். விலை கூடிய ஆன்டெனாவால் கிடைக்காதது பல நேரம் இந்த ஒரு முழத்தில் கிடைக்கும்.

பள்ளத்துக்குள்ளிருந்து பேச வேறு வழி, 7 மெகாஹெர்ட்ஸ். இந்த அலையைக் கிடையாக அனுப்பாமல் வானத்தை நோக்கி அனுப்பினால், 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். மலை குறுக்கே நிற்க முடியாது. சில நூறு கிலோமீட்டர் வட்டம் முழுக்க மழைபோல் இறங்கும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் போவதால் நம் தலைக்கு மேல் பகலில் அயனிகள் அடர்த்தி அதிகம். 7 மெகாஹெர்ட்ஸ் செங்குத்தாகப் போனாலும் திரும்பிவரும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. சிக்கல் கம்பியின் நீளம். கால் அலை என்றால் பத்தரை மீட்டர்! ஜீப்பில் இரண்டு, இரண்டரை மீட்டர்தான் வைக்க முடியும். மீதியைச் செம்புச் சுருள் ஒன்று ஈடுசெய்யும், ஆனால் சும்மா இல்லை: 100 வாட்டில் பத்து வாட் அளவே அலையாகப் புறப்படும், மற்றது சுருளிலும் தரையிலும் சூடாகப் போகும். இருந்தும் பேச முடிகிறது. ராணுவ ஜீப்புகளில் நீளக் கம்பியை வில்போல் வளைத்துப் பின்னால் கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருக்கலாம். மரக்கிளைக்காக மட்டும் அப்படிக் கட்டுவதில்லை. வளைந்த கம்பி வானத்தை நோக்கி அதிகம் வீசும்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தபோது, கல்பற்றாவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமெச்சூர்கள் நிலையம் அமைத்து மீட்புக் களத்தோடு செய்தி பரிமாறினார்கள். உயரத்தில் வைத்த ரிப்பீட்டர் ஒன்று, கீழே ஒருவரையொருவர் கேட்க முடியாத ரேடியோக்களை இணைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் தலைமையில் ஏற்கனவே அமெச்சூர் நிலையம் இயங்கிக்கொண்டிருந்ததால், அந்தமானிலிருந்து உறவினர் நலம் தெரிந்துகொள்ள வழி பிறந்தது. இரண்டு இடத்திலும் மின்சாரமும் செல்போன் கோபுரமும் நம்ப முடியாதவை ஆகிவிட்டிருந்தன. வண்டியில் உள்ள ரேடியோ தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவருகிறது.

ஓட்டிக்கொண்டே பேசலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் 70 வளைவுச் சாலையில் ஸ்டியரிங்குக்கு இரு கைகளும் வேண்டும். மைக் பக்கத்து இருக்கைக்காரரிடம் இருக்கட்டும். தனியாகப் போகிறவர் ஒதுங்கி நிறுத்திப் பேசட்டும்.

நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்? 60 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியை, அதாவது 30ஐ மட்டும் செலவழிப்போம். மீதி வண்டியைக் கிளப்ப வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ கேட்கும்போது அரை ஆம்பியர், 50 வாட்டில் பேசும்போது 11 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு நிமிடத்தில் ஒரு நிமிடம் பேசினால் சராசரி இரண்டேகால் ஆம்பியர். 13 மணி நேரம் ஓடும். பொத்தானை அழுத்தி 10 வாட்டுக்கு இறக்கினால் பேசும்போது 4 ஆம்பியர்தான். சராசரி ஒரு ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், பேட்டரி 27 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்த இந்த வாட், கேட்பவரின் மீட்டரில் ஒரு கோடு அளவே இறக்கிக் காட்டும். விளிம்பில் நிற்கும் வண்டிக்கு 10 வாட்டே திருச்சி வரை போதும்.